நோபிள் ஜான்சன்: எல்லா இனத்தவராகவும் நடித்த ஒரு கறுப்பர்

1933-இல் வந்த 'கிங் காங்' படத்தை உங்களில் பலர் துண்டு துண்டாகவாவது பார்த்திருப்பீர்கள். குரங்கு வருவதற்கு முன் ஒரு தீவு வரும். பெரிய மதில், முரசுச் சத்தம், பலிச் சடங்கு. அங்கே உயரமான தலைவன் ஒருவன் வெள்ளைக்காரக் கதாநாயகியைப் பார்த்ததும் பேரம் பேசத் தொடங்குகிறான். அவளைத் தந்தால் பதிலுக்குத் தன் பெண்கள் ஆறு பேரைத் தருவானாம். 'காட்டுமிராண்டிகளின் தலைவன்' எப்படி இருக்க வேண்டும் என்று ஹாலிவுட் நினைத்ததோ அப்படியே இருக்கிறான்.

அந்த வேடத்தில் நடித்தவர் நோபிள் ஜான்சன். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1916-இல், கறுப்பர்கள் முதல் போட்டு, கறுப்பர்களை நாயகர்களாக வைத்து, கறுப்பின மக்களுக்காகப் படம் எடுத்த லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியின் தலைவராக இருந்தவரும் இதே நோபிள் ஜான்சன்தான். கம்பெனித் தலைவர் எப்படிக் காட்டுமிராண்டித் தலைவர் ஆனார்? சந்தர்ப்பவாதம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் படத்துறை எப்படி இயங்கியது என்பது நமக்குப் புரியாமலே போகும்.

அவர் பிறந்தது 1881-இல், மிசூரி மாநிலத்தில். வளர்ந்தது கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில். அப்பா குதிரைகளைப் பழக்குபவர். மகனும் சின்ன வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுக் குதிரைகளோடு அலைந்தார், மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். அதே ஊரில் அவருக்கு ஒரு பள்ளித் தோழன் இருந்தான். பெயர் லான் சேனி. பின்னாளில் 'ஆயிரம் முகங்கள் கொண்டவர்' என்று உலகமே கொண்டாடிய ஹாலிவுட் நடிகர். அவரிடம் பிறகு வருவோம்.

1914-இல் லூபின் என்ற படக்கம்பெனி கொலராடோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. பூர்வகுடி வேடம் போட்ட நடிகருக்குக் காயம்பட்டுவிட்டது. ஆறடிக்கு மேல் உயரம், கட்டுமஸ்தான உடம்பு, குதிரை ஓட்டத் தெரியும், உயிருக்கு அஞ்சாத துணிச்சல்: எல்லாம் உள்ள உள்ளூர்க்காரர் ஜான்சன் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டார். இப்படி முதல் படத்திலேயே அவர் பிறந்த இனம் அல்லாத வேறொரு இனத்தின் வேடம். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுக்கும் அதுவே அவர் தொழிலாகிவிட்டது.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஜான்சன் வெளிர்நிறக் கறுப்பர். அன்றைய கருப்பு வெள்ளைப் படச்சுருளில் நிறம் என்பது வெளிச்சமும் ஒப்பனையும் சேர்ந்து முடிவு செய்வது. ஒரு விளக்கை நகர்த்தினால் அவர் அரேபியர், இன்னொன்றை நகர்த்தினால் பூர்வகுடி. முதலாளிகளுக்கு இது மிக வசதி. ஒரே சம்பளத்தில் உலகத்து 'மற்றவர்கள்' அத்தனை பேரும் கிடைத்துவிடுகிறார்கள்.

அவர் ஹாலிவுட்டுக்குள் நுழைந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 1915-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வெளிவந்தது. கு குளக்ஸ் கிளான் கொலைகாரக் கும்பலை மீட்பர்களாகவும், விடுதலை பெற்ற கறுப்பர்களை வெள்ளைப் பெண்களைத் துரத்தும் மிருகங்களாகவும் காட்டிய படம். அதில் கஸ் என்ற கறுப்பு வில்லனாக நடித்தவர் வால்டர் லாங் என்ற வெள்ளைக்காரர், முகத்தில் கரி பூசிக்கொண்டு. படம் வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் கிளான் மறுபடி உயிர்பெற்றது. கறுப்பின மக்களின் உரிமை இயக்கமான என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராகத் தடை கேட்டுப் போராடியது. சில இடங்களில் வென்றது, பல இடங்களில் தோற்றது. வசூல் மட்டும் குறையவே இல்லை.

தடை கேட்பது ஒரு வழி. இன்னொரு வழியும் இருந்தது, நம் படத்தை நாமே எடுப்பது. சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் போன்றவர்கள் அதற்கு முன்பே சிறு நகைச்சுவைப் படங்கள் எடுத்துப் பார்த்திருந்தார்கள். கோமாளித்தனம் இல்லாத, கறுப்பர் வாழ்க்கையைக் கண்ணியத்தோடு சொல்லும் கதைகளை எடுப்போம் என்று 1916 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குழு கூடியது. தலைவர் நோபிள் ஜான்சன். செயலாளர் கிளாரன்ஸ் புரூக்ஸ் என்ற நடிகர். பொருளாளர் ஜேம்ஸ் ஸ்மித், மருந்துக்கடை வைத்து முன்னேறியவர். கேமராவுக்கு ஹாரி கான்ட், அவர் மட்டும் வெள்ளையர். கம்பெனிக்கு லிங்கன் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் படத்தின் பெயர் 'தி ரியலைசேஷன் ஆஃப் எ நீக்ரோஸ் ஆம்பிஷன்'. ஒரு நீக்ரோவின் லட்சியம் நிறைவேறுகிறது என்று பொருள். (நீக்ரோ என்பது அன்று அந்த மக்களே தங்களுக்கு மரியாதையாகப் பயன்படுத்திய சொல். படப் பெயரில் மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம்.) இரண்டு ரீல் படம். நாயகன் ஜேம்ஸ் பர்ட்டன், டஸ்கீகி கல்லூரியில் படித்து எஞ்சினியர் ஆனவன். அப்பாவின் பண்ணையை விட்டுக் கலிஃபோர்னியாவின் எண்ணெய் வயல்களுக்கு வேலை தேடிப் போகிறான். தகுதி இருக்கிறது, ஆனால் கறுப்பன் என்பதால் வேலை இல்லை. திரும்பும் வழியில், கட்டுக்கு அடங்காமல் ஓடும் குதிரை வண்டியிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவள் எண்ணெய் முதலாளியின் மகள். வேலை கிடைக்கிறது. வேலையில் கற்றுக்கொண்டதை வைத்து, தன் அப்பாவின் நிலத்தடியிலும் எண்ணெய் இருக்கும் என்று கண்டுபிடிக்கிறான். ஊர் திரும்பித் தோண்டுகிறான், கிடைக்கிறது. பர்ட்டனாக நடித்தவர் நோபிள் ஜான்சன்.

கதையில் நமக்குக் கோளாறு தெரியாமல் இல்லை. பட்டம் வாங்கியும் கிடைக்காத வேலை, முதலாளி மகளைக் காப்பாற்றினால்தான் கிடைக்கிறது. தகுதி போதாது, வெள்ளைக்காரரின் நன்றியும் வேண்டும். படித்து, நன்றாக உடுத்தி, ஒழுக்கமாக இருந்து முன்னேறிவிடலாம் என்ற நடுத்தர வர்க்க நம்பிக்கைதான் லிங்கன் படங்களின் முதுகெலும்பு. அந்த நம்பிக்கையை அமெரிக்கா எத்தனை முறை காலில் போட்டு மிதித்தது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் 1916-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் இடத்திலிருந்து பாருங்கள். திரையில் தன் நிறத்தில் ஒருவன். கோழி திருடவில்லை, பல்லைக் காட்டிக் கூத்தாடவில்லை. வரைபடத்தை விரித்து நிலத்தை அளக்கிறான். கடைசியில் எண்ணெய் வருவது முதலாளியின் நிலத்திலும் அல்ல, அப்பாவின் நிலத்தில்.

இரண்டாவது படம் 'தி ட்ரூப்பர் ஆஃப் ட்ரூப் கே'. 1916 ஜூன் 21 அன்று மெக்சிகோவின் காரிசாலில் அமெரிக்கப் பத்தாம் குதிரைப்படை, அதாவது கறுப்பினச் சிப்பாய்களின் படை, மோதலில் சிக்கிப் பலரை இழந்தது. வெள்ளைப் படக்கம்பெனிகள் அந்தச் சிப்பாய்களைக் கண்டுகொள்ளவில்லை. லிங்கன் கம்பெனி சூடு ஆறுவதற்குள் படமாக்கியது. ஊரில் உதவாக்கரை என்று பெயரெடுத்த ஒருவன் படையில் சேர்ந்து மனிதனாவதுதான் கதை. இதிலும் நாயகன் ஜான்சன். மூன்றாவது படம் 'தி லா ஆஃப் நேச்சர்', 1917.

படம் எடுப்பதைவிடப் படப்பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. இங்கேதான் நோபிளின் தம்பி ஜார்ஜ் ஜான்சன் வருகிறார். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் தபால் நிலைய ஊழியர். லாஸ் ஏஞ்சல்ஸ் எங்கோ, ஓமஹா எங்கோ. தபால் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், வீட்டிலிருந்தே லிங்கன் கம்பெனியின் விநியோகத்தை ஜார்ஜ் நடத்தினார். கறுப்பர் பத்திரிகைகளில் எழுதுபவர்களையே அந்தந்த வட்டாரத்துக்கு ஏஜென்டுகளாக்கினார். சிகாகோ டிஃபெண்டர் இதழின் டோனி லாங்ஸ்டன் அவர்களில் ஒருவர். கறுப்பர் கொட்டகைகள் குறைவு, அவற்றிலும் பல வெள்ளையர் கையில். கொட்டகை இல்லாத ஊர்களில் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் திரை கட்டினார்கள். பிரதிகள் சொற்பம். ஒரு ஊரில் ஓடி முடித்த பெட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அங்கிருந்து பணம் திரும்ப வேண்டும், அந்தப் பணத்தில்தான் அடுத்த படம். முதலீட்டாளர் கூட்டம் வரிசையில் நிற்கவில்லை. வங்கி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியானால் கம்பெனி எதில் ஓடியது? பெருமளவு நோபிள் ஜான்சனின் சம்பளத்தில். யுனிவர்சல் கம்பெனியில் அவர் தொடர்படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். வாரம் ஒரு அத்தியாயமாகக் கொட்டகைக்கு வரும் சாகசப் படங்கள். 'தி ரெட் ஏஸ்', 'புல்ஸ் ஐ' எல்லாம் அந்த வகை. அவற்றில் அவர் வில்லன், வில்லனின் அடியாள், பூர்வகுடி. லிங்கனிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை. யுனிவர்சல் தந்த கூலி லிங்கனின் படச்சுருளாக மாறியது. வெள்ளை முதலாளிக்காகப் போட்ட காட்டுமிராண்டி வேடத்தின் கூலியில்தான் கறுப்பு எஞ்சினியர் திரைக்கு வந்தான்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது தோல்வி அல்ல, வெற்றி. லிங்கன் படங்களால் ஜான்சன் கறுப்பின மக்களின் நட்சத்திரமாகிவிட்டார். சிகாகோ ஸ்டேட் தெரு போன்ற இடங்களில் கொட்டகைக்காரர்கள் விவரமானவர்கள். யுனிவர்சல் தொடர்படத்தில் அவருக்குச் சின்ன வேடமாக இருந்தாலும், வாசலில் அவர் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். மக்கள் வந்தார்கள். அதே தெருவில் லிங்கன் படம் ஓடினால் மக்கள் அங்கே போனார்கள், யுனிவர்சல் படம் காற்று வாங்கியது. விஷயம் மேலே போனது. லிங்கனிலிருந்து விலக வேண்டும், யுனிவர்சல் படங்களுக்குத் தவிர வேறு எதற்கும் அவர் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனி கறாராகச் சொன்னது. இது தம்பி ஜார்ஜ் பதிவு செய்த செய்தி. 1918-இல் நோபிள் ஜான்சன் லிங்கன் கம்பெனித் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

யுனிவர்சலை உதறியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். உதறியிருந்தால் அடுத்த மாதமே லிங்கனுக்குப் பணம் இல்லை. உதறாததால் லிங்கனுக்கு முகம் இல்லை. எப்படித் திரும்பினாலும் அடி லிங்கனுக்குத்தான். கேமராவும் விளக்கும் கொட்டகையும் சம்பளமும் ஒரு தரப்பின் கையில் இருக்கும்போது, தனிமனிதரின் நேர்மையை மட்டும் அளந்து தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.

அதே 1918-இல் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது, இதில் பழி லிங்கனையும் சேரும். ஆஸ்கர் மிஷோ என்ற எழுத்தாளரின் 'தி ஹோம்ஸ்டெடர்' நாவல் விளம்பரத்தைப் பார்த்து, அதைப் படமாக்கலாம் என்று ஜார்ஜ் கடிதம் எழுதினார். மிஷோ ஓமஹாவுக்கே வந்து பேசினார். படப்பிடிப்பைத் தானே மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது அவர் நிபந்தனை. படம் எடுத்த அனுபவம் இல்லாதவரிடம் அதை ஒப்படைக்க லிங்கன் குழு தயங்கியது. பேச்சு முறிந்தது. மிஷோ தாமே கம்பெனி தொடங்கி 1919-இல் அந்தப் படத்தை வெளியிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் நாற்பது படங்களுக்கு அருகில் எடுத்து, கறுப்பர் சினிமாவின் மாபெரும் பெயரானார். ஜான்சனின் முகமும் மிஷோவின் பிடிவாதமும் ஒரே கம்பெனியில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

லிங்கன் உடனே சாகவில்லை. கிளாரன்ஸ் புரூக்ஸ் நாயகனானார். 1918 இலையுதிர் காலத்தில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் ஊர் ஊராகக் கொட்டகைகள் மூடப்பட்டன, கைமுதல் இல்லாத கம்பெனிக்கு அது பலத்த அடி. 1921-இல் 'பை ரைட் ஆஃப் பர்த்' வந்தது. அதுவே கடைசிப் படம்.

நோபிள் ஜான்சன் மட்டும் நிற்காமல் நடித்தார். அந்தப் பட்டியலே ஒரு வேடிக்கை, சிரிக்க முடியாத வேடிக்கை. 1924-இல் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் இளவரசியை மணக்க வரும் இந்திய இளவரசன், அதாவது நம் நாட்டுக்காரர். அதே ஆண்டு பஸ்டர் கீட்டனின் 'தி நேவிகேட்டர்' படத்தில் நரமாமிசம் உண்ணும் கூட்டத்தின் தலைவன். 1930-இல் 'மோபி டிக்' படத்தில் தென்கடல் ஈட்டிக்காரன் குயீக்வெக். 1932-இல் 'தி மம்மி'யில் பிணத்தின் கட்டளைக்கு அடிபணியும் நூபிய அடிமை. 1940-இல் 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' படத்தில் நடைப்பிணம். 1949-இல் ஜான் ஃபோர்டின் 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்' படத்தில் சிவப்புச் சட்டை என்ற பூர்வகுடித் தலைவன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், பலவற்றில் பெயர்ப் பட்டியலில் பெயரே கிடையாது.

இவற்றில் நம்மை மிகவும் யோசிக்க வைப்பது 1932-33. 'கிங் காங்' படத்தையும் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' படத்தையும் ஆர்.கே.ஓ. கம்பெனி ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தது. செலவை மிச்சம் பிடிக்க ஒரே காட்டு செட், சில நடிகர்களும் பொது. 'டேஞ்சரஸ் கேம்' படத்தில் மனிதர்களை வேட்டையாடும் ரஷ்யப் பிரபுவுக்கு இவான் என்று ஒரு வேலைக்காரன் உண்டு. பேச்சில்லாத கோசாக், அதாவது வெள்ளை இனத்தவன். அந்த வேடத்துக்கு ஜான்சனின் முகத்தில் வெளுப்புச் சாயம் பூசினார்கள். அதே செட்டில் 'கிங் காங்' படத்துக்கு வரும்போது அவர் கறுப்புத் தீவின் தலைவர். சாயத்தை மாற்றினால் இனம் மாறுகிறது. இனம் என்பது இட்டுக்கட்டியது என்று ஆயிரம் பக்கம் எழுதலாம், ஹாலிவுட்டின் ஒப்பனை அறைக்கு அது அன்றே தெரிந்திருந்தது. தெரிந்தும், சாயத்தை மாற்ற முடிந்தவர்களால் சம்பளத்தையும் மரியாதையையும் மாற்ற முடியவில்லை. மாற்ற விரும்பவில்லை என்பதே சரி. வெள்ளையனாக்கிய வேடத்தில்கூட அவர் வேலைக்காரன்தான், வாய் பேசாதவன்தான்.

இப்போது பள்ளித் தோழன் லான் சேனிக்கு வருவோம். அவரும் குணச்சித்திர நடிகர்தான், அவரும் முகத்தை மாற்றித்தான் புகழ்பெற்றார். 1927-இல் 'மிஸ்டர் வூ' படத்தில் சீனராக நடித்தார், போஸ்டரில் அவர் பெயர் முதலில். ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரே தொழில், ஒரே வித்தை. வெள்ளையர் இன்னொரு இனத்தின் முகத்தைப் போட்டால் அது கலை. கறுப்பர் போட்டால் அது ஆள் பற்றாக்குறைக்கு வந்த தீர்வு.

ஹாலிவுட் அவரை அமெரிக்கக் கறுப்பராக முன்னால் நிறுத்திய ஒரு படமும் உண்டு. 1927-இல் வந்த 'டாப்சி அண்ட் ஈவா'. அதில் அவர் அடிமை அங்கிள் டாம். கூட நடித்த கறுப்புச் சிறுமி டாப்சியாக வந்தவர் ரொசெட்டா டங்கன் என்ற வெள்ளைப் பெண், முகத்தில் கரியோடு. சொந்த இனத்தவராக நடிக்க அனுமதி கிடைத்த இடத்தில், பக்கத்தில் கரி பூசிய வெள்ளைக்காரி. எஞ்சினியர் பர்ட்டனுக்கு ஹாலிவுட்டில் இடமில்லை, அங்கிள் டாமுக்கு உண்டு.

கிளாரன்ஸ் புரூக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1931-இல் ஜான் ஃபோர்டின் 'ஆரோஸ்மித்' படத்தில் அவர் கறுப்பின மருத்துவராக நடித்தார். சூட் போட்ட, மரியாதையாகப் பேசும் டாக்டர். சிறிய வேடம், ஆனால் அன்றைய ஹாலிவுட்டில் அப்படி ஒன்று அரிது. அந்த நடையும் பேச்சும் அவருக்கு லிங்கன் கம்பெனியில் பழகியது என்றே நாம் நினைக்கிறோம்.

நோபிள் ஜான்சன் 1950 வாக்கில் நடிப்பை விட்டார். 1978-இல் கலிஃபோர்னியாவில் 96 வயதில் இறந்தார்.

தம்பி ஜார்ஜுக்கு வேறொரு பழக்கம் இருந்தது, எதையும் தூக்கிப் போடமாட்டார். கம்பெனிக் கடிதங்கள், பத்திரிகை நறுக்குகள், நோட்டீசுகள், போட்டோக்கள், யார் எந்தப் படத்தில் நடித்தார்கள் என்ற குறிப்புகள். கம்பெனி மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1960-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அவரை உட்காரவைத்து அவர் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தது. பெட்டிகள் இன்று அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயரிலேயே இருக்கின்றன. நாம் இவ்வளவு நேரம் பேசியதில் பெரும்பகுதி அந்தத் தபால் ஊழியர் தூக்கிப் போடாமல் வைத்ததால் தெரிய வந்தது.

படங்கள் அப்படிப் பிழைக்கவில்லை. லிங்கன் கம்பெனி எடுத்ததில் மிஞ்சியிருப்பது 'பை ரைட் ஆஃப் பர்த்' படத்தின் சில நிமிடத் துண்டு மட்டுமே. அது நோபிள் ஜான்சன் விலகிய பின் எடுத்த படம், நாயகன் கிளாரன்ஸ் புரூக்ஸ். எஞ்சினியர் பர்ட்டனாக ஜான்சன் நிலத்தை அளந்த படச்சுருள் எங்கும் இல்லை. தீவுத் தலைவனாக ஆறு பெண்களுக்குப் பேரம் பேசும் காட்சி, தூசு தட்டிப் புதுப்பிக்கப்பட்டு, நல்ல பிரதியில் கிடைக்கிறது.